தின்பண்டத்துக்கு மாற்று, அவசரச் சாப்பாட்டுக்கு மாற்று

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்து வீடுகளில் சாப்பாட்டு ஒழுங்கு தளரும் நேரங்கள் இரண்டு. பள்ளிவிட்டுப் பிள்ளைகள் வரும் மாலை நான்கரை மணி ஒன்று. வேலைக்குப் போனவர்கள் களைத்துத் திரும்பும் இரவு எட்டரை மணி மற்றொன்று. முதல் நேரத்தில் பஃப்ஸ், சிப்ஸ், ரோட்டுக்கடைக் காளான். இரண்டாவதில் நூடுல்ஸ், பரோட்டா பார்சல், ஃப்ரைடு ரைஸ். காலையிலும் மதியத்திலும் இட்லி, சாதம், பொரியல் என்று ஒழுங்காகச் சாப்பிடும் குடும்பத்திலும் மைதா, எண்ணெய், உப்பு, சர்க்கரை ஆகிய நான்கும் அளவு மீறுவது பெரும்பாலும் இந்த இரண்டு நேரங்களில்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2023-இல் வெளியானது. அதன்படி நாட்டின் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையில் ஒரு நாளைய உப்பு 5 கிராமுக்குள், அதாவது சோடியம் 2,000 மில்லிகிராமுக்குள், இருக்க வேண்டும். சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் அடங்கினால் நல்லது. ஒரு பொட்டலம் நூடுல்ஸும் ஒரு பாட்டில் குளிர்பானமும் இந்த இரண்டு கணக்கிலும் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

எதை மாற்றுவது, எதை விடுவது

சிப்ஸ் கேட்கும் பிள்ளைக்கு வெள்ளரித் துண்டைக் கொடுத்தால் மறுநாளும் சிப்ஸ்தான் கேட்கும். நாக்கு கேட்டது மொறுமொறுப்பும் உப்புக் காரமும். வெள்ளரியில் இரண்டும் இல்லை. ஒரு பண்டத்தை மாற்றும் முன் அதில் பிடித்தது எது என்று பார்க்க வேண்டும். கடிக்கும்போது வரும் சத்தமா, காரமும் புளிப்புமா, இனிப்பா, அல்லது ஐந்து நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும் வசதியா? அதை அப்படியே வைத்துக்கொண்டு மாவு, எண்ணெய், உப்பு, சர்க்கரை ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையோ மாற்றினால்தான் மாற்று வீட்டில் தங்கும். நான்கையும் ஒரே நாளில் மாற்றிய வீடுகளில் பத்தாம் நாள் பழைய பொட்டலங்கள் அலமாரிக்குத் திரும்பிவிடும்.

மாற்ற வேண்டாதவையும் உண்டு. தீபாவளி முறுக்கு, ஆடி நோன்புக் கச்சாயம், விருந்தாளி வந்தால் செய்யும் ஒப்புட்டு இவற்றிலெல்லாம் கை வைக்க வேண்டியதில்லை. வருடத்தில் சில நாட்கள் வரும் பலகாரம் உடம்பைக் கெடுப்பதில்லை. தினமும் வருவதைக் கவனித்தால் போதும்.

பேக்கரி மேசை

கொங்கு வட்டாரத்தில் டீக்கடைக்கே பேக்கரி என்றுதான் பெயர். டீயோடு பன், பஃப்ஸ், தேங்காய் பன், வர்க்கி, கேக் எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனி ஷிப்ட் விட்டு வருபவர்களுக்குப் பலநாள் மாலைச் சாப்பாடே இதுதான்.

பஃப்ஸின் அடுக்கு அடுக்கான மொறுமொறுப்புக்குக் காரணம் மைதா மாவின் மடிப்புகளுக்கு நடுவே தடவப்படும் கெட்டிக் கொழுப்பு. செயற்கை டிரான்ஸ் கொழுப்புக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வைத்த உச்சவரம்பு 2021-இல் 3 சதவீதம், 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதம். இது பெரிய நன்மை. ஆனால் அதன் இடத்தைப் பிடித்த பாமாயிலும் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்ததுதான். பஃப்ஸ் சத்தான பண்டமாகிவிடவில்லை.

முட்டை பஃப்ஸில் உருப்படியானது உள்ளே இருக்கும் அரை முட்டை. நாட்டின் பெரிய முட்டைச் சந்தையான நாமக்கல் கொங்கு மண்ணில்தான் இருக்கிறது. அரை முட்டைக்காக ஒரு கை மைதாவைத் தின்பதைவிட, அவித்த முழு முட்டை இரண்டை நீளவாக்கில் கீறி, தோசைக்கல்லில் அரை ஸ்பூன் எண்ணெய், மிளகுத்தூள், கறிவேப்பிலை, வதக்கிய சின்ன வெங்காயம் போட்டுப் புரட்டினால் பஃப்ஸ் மசாலாவின் மணம் வந்துவிடும். கோதுமை பிரெட் ஒரு துண்டைக் கல்லில் வாட்டி நடுவே வைத்தால் கையில் பிடித்துத் தின்னலாம். கொங்கு ஓட்டல்களின் கலக்கியும் நல்ல பண்டம்தான். ஆனால் அது அரைவேக்காட்டு முட்டை. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் முழுதாக வேகவைத்த முட்டைதான் பாதுகாப்பு.

பிஸ்கட்டில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அட்டையில் ராகி படம், சிறுதானியம் என்று பெரிய எழுத்து. பின்பக்கம் திருப்பினால் முதல் பொருள் சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு. அது மைதாவின் இன்னொரு பெயர். பொருட்பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு இறங்கும் வரிசையில்தான் எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். முன்பக்கத்தில் பெருமையாகச் சொல்லப்படும் பொருள் எத்தனை சதவீதம் என்பதும் அங்கே இருக்கும். ராகி நான்காவதோ ஐந்தாவதோ இருந்தால் அது மைதா பிஸ்கட்டே. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இப்படிப்பட்ட அட்டைகள் பெருகிவிட்டன.

ரோட்டுக்கடைக் காளான்

கோவைக்கென்றே ஒரு தின்பண்டம் உண்டென்றால் அது மாலையில் தள்ளுவண்டியின் அகலமான கல்லில் கொதிக்கும் காளான்தான். வேறு ஊர்களிலிருந்து படிக்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே இதற்குப் பழகிவிடுவார்கள். நறுக்கிய முட்டைக்கோஸ், கொஞ்சம் காளான், மைதா, சோளமாவு, மிளகாய்த்தூள் இவற்றைப் பிசைந்து பக்கோடா போலப் பொரித்து வைத்துக்கொள்வார்கள். ஆள் வந்ததும் அதைக் கரண்டியால் கொத்தி, வெங்காயமும் இஞ்சி பூண்டும் வதங்கிய குழம்பில் போட்டு, கரைத்த சோளமாவால் கெட்டியாக்கி, மேலே பச்சை வெங்காயமும் மல்லித்தழையும் தூவிக் கொடுப்பார்கள். பெயர் காளான், தட்டில் முட்டைக்கோஸ்தான் மிகுதி. இது கடைக்காரர்களும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும் விஷயம்.

முட்டைக்கோஸால் கெடுதல் எதுவும் இல்லை. மைதா, பொரித்த எண்ணெய், சிவப்புக்காகச் சேர்க்கும் நிறப்பொடி மூன்றும்தான் சிக்கல். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் துருவக் கூட்டுப்பொருட்கள் எனப்படும் கழிவுகள் சேர்கின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வண்டிக் கடையில் அதை அளப்பவர் யாரும் இல்லை. எண்ணெய் கறுத்து, நுரைத்து, மூக்கைத் துளைத்தால் அந்தக் கடையை விட்டு நகர்வதுதான் வாடிக்கையாளரின் கையில் உள்ள ஒரே சோதனை.

வீட்டில் செய்யும்போது பொரிக்கும் வேலையைக் குழிப்பணியாரக்கல்லுக்கு மாற்றிவிடலாம். நான்கு பேருக்கு 200 கிராம் காளான், ஒரு கிண்ணம் துருவிய முட்டைக்கோஸ், மூன்று மேசைக்கரண்டி கடலைமாவு, ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவு வேண்டும். மொட்டுக் காளான் எங்கும் கிடைக்கும். பால் காளான் கிடைத்தால் இன்னும் நல்லது. வெந்த பிறகும் கடிபடும், தண்ணீரும் குறைவாக விடும். இந்தப் பால் காளானை வளர்க்கும் முறையை வகுத்து விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தது கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

முட்டைக்கோஸில் கால் ஸ்பூன் உப்பைப் பிசிறிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிய வேண்டும். இதைத் தவிர்த்தால் மாவு இளகி உருண்டை நிற்காது. பிழிந்த கோஸ், பொடியாக நறுக்கிய காளான், இரண்டு மாவும், காஷ்மீரி மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாவற்றையும் தண்ணீர் தெளிக்காமல் பிசைந்து, குழிக்கு மூன்று நான்கு சொட்டு எண்ணெய் விட்டு, மூடிபோட்டு இரு பக்கமும் சிவக்க எடுக்கலாம். உருண்டை அழகாக வர வேண்டியதில்லை. எப்படியும் கொத்தப் போகிறோம்.

பிறகு வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய், ஒரு கை சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு தக்காளி, மல்லித்தூள், சிட்டிகை கரம் மசாலா. நன்றாக வதங்கியதும் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதித்தவுடன் உருண்டைகளைப் போட்டுக் கரண்டியால் கொத்த வேண்டும். அவற்றிலிருந்து கரையும் கடலைமாவே குழம்பைக் கெட்டியாக்கிவிடும், சோளமாவு தேவையில்லை. இரண்டு நிமிடத்தில் இறக்கி, பச்சை வெங்காயம், மல்லித்தழை, எலுமிச்சைச் சாறு சேர்த்தால் ஆயிற்று. கடைக் காளானின் பளீர்ச் சிவப்பு வராது, செங்கல் நிறம்தான் வரும். சுவையில் இது கடையதைவிடக் காளானாகவே இருக்கும்.

பொரித்தவையும் கொறிப்பவையும்

பருப்பு வடையையும் இதே குழிப்பணியாரக்கல்லில் சுடலாம். கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, சோம்பு, வரமிளகாய், வெங்காயம், ஒரு கை முருங்கைக்கீரை சேர்த்தால் மேல்தோல் மொறுமொறுப்பாகவே வரும். உளுந்துவடை இப்படிச் சரியாக வராது. அது பணியாரமாகிவிடும், அதைப் பணியாரம் என்றே பரிமாறிவிடுவது நல்லது. ஏர் ஃப்ரையர் வாங்கிய வீடுகளில் பலருக்கும் ஏமாற்றம் வருவது வடை மாவில்தான். இளகிய மாவு கம்பித் தட்டின் வழியே ஒழுகிவிடும். கெட்டியாகத் தட்டிய கட்லட், சீவிய சேப்பங்கிழங்கு, கோழித் துண்டு ஆகியவற்றுக்கு அந்தச் சாதனம் பொருத்தம்.

உருளைக்கிழங்கு சிப்ஸில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து கோவையில் நிலைத்துவிட்ட நேந்திரன் சிப்ஸும் அந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. தேங்காயெண்ணெயில் பொரித்தது என்ற பெயர் எண்ணெயின் அளவைக் குறைப்பதில்லை. நேந்திரம்பழத்தை ஆவியில் வேகவைத்துக் கொடுத்தால் இனிப்பு கேட்கும் பிள்ளைக்கு அது போதும். மொறுமொறுப்பு கேட்கும் பிள்ளைக்குப் பொரி.

பொரியை வைத்துச் செய்யும் மாலைப் பண்டத்தில் மேற்கு மாவட்டங்களுக்குப் பழைய பழக்கம் உண்டு. சேலத்துத் தட்டுவடை செட்டில் துருவிய காரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு சட்னி எல்லாம் சேர்கின்றன. கரூர்க்காரர்கள் கரம் என்று தட்டுவடையையும் பொரியையும் சட்னியோடு கலந்து தருகிறார்கள். தெருவோரப் பண்டத்தில் பச்சைக் காய்கறி இவ்வளவு தாராளமாக விழுவது அரிது. இந்த இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவரும்போது தட்டுவடையைக் குறைத்து, வறுத்த நிலக்கடலையைக் கூட்டினால் போதும். இரண்டு கிண்ணம் பொரி, அரைக் கிண்ணம் வறுத்த கடலை, ஒரு காரட், சிறிய பீட்ரூட், சின்ன வெங்காயம், மல்லி-புதினாச் சட்னி இரண்டு ஸ்பூன், எலுமிச்சைச் சாறு. கலந்தவுடனே தின்றுவிட வேண்டும்; ஐந்து நிமிடம் தாமதித்தால் பொரி நமத்துவிடும். வெறும் பொரி சீக்கிரம் செரித்து மறுபடியும் பசியைக் கிளப்பும். பசி தாங்குவது கடலையால்தான்: 100 கிராம் நிலக்கடலையில் 23 கிராமுக்கு மேல் புரதம்.

கடலைக்காய்ப் பருவத்தில் தோலோடு அவித்த கடலைக்காய்க்கு இணையான மாலைத் தீனி வேறில்லை. அவிக்கும்போது உப்பைக் கையால் அள்ளிப் போடும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். மற்ற மாதங்களில் தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, கொண்டைக்கடலை என்று சுண்டலை மாற்றி மாற்றிச் செய்யலாம். சுண்டலை நோய்ப்பத்தியம் மாதிரி வெறும் உப்போடு கொடுப்பதால்தான் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். மாங்காய்த் துண்டு, தேங்காய்த் துருவல், வறுத்த மிளகாய்-மல்லிப் பொடி சேர்ந்தால் அதுவும் கடைப்பண்டம்போல் ஆகிவிடும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். இடித்தோ மசித்தோ கொடுக்கலாம்.

இனிப்பு

இந்த நூலில் அதிகம் வலியுறுத்த வேண்டிய எச்சரிக்கை இதுதான்: நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் சர்க்கரையே. கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் சொற்பம். சிறிதளவு தாது உப்பு இருப்பது உண்மை. ஒரு நாளில் சேர்க்கும் அளவில் அதனால் கிடைக்கும் பயன் மிகச் சிறியது. நீரிழிவுக்காரர்களுக்கு வெல்லம் ஆகும் என்பது ஆபத்தான நம்பிக்கை.

மணத்துக்கும் சுவைக்கும் நாட்டுச்சர்க்கரையைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கோயில் நிர்வாகம் வாங்குவது ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து நாட்டுச்சர்க்கரை. வாங்கும்போது பளபளக்கும் மஞ்சளைத் தவிர்த்து மங்கலான பழுப்பை எடுப்பது நல்லது. வெளுக்க வைக்க ரசாயனம் சேர்ப்பதும், எடைக்காக வெள்ளைச் சர்க்கரை கலப்பதும் இந்தத் தொழிலின் பழைய நோய்கள்.

மாற்று என்ற வகையில் சாக்லேட்டுக்கும் கிரீம் பிஸ்கட்டுக்கும் பதில் எள்ளுருண்டை, கடலை உருண்டை நிற்கும். சர்க்கரை அவற்றிலும் உண்டு. ஆனால் கூடவே எள்ளும் கடலையும் வருகின்றன. ஒரு பிள்ளைக்கு எலுமிச்சையளவு உருண்டை ஒன்று என்பது அளவு. ராகிமாவில் தேங்காய்த் துருவலும் உப்புத் தண்ணீரும் தெளித்து ஆவியில் வேகவைத்த புட்டுக்கு ஒரு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை போதும். தேங்காயே பாதி இனிப்பைக் கொடுத்துவிடும். 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் 10-ஐக் கூடத் தொடுவதில்லை.

பண்டிகைத் திடலில் விற்கும் நிறமேற்றிய பஞ்சுமிட்டாயைப் பற்றி ஒரு வார்த்தை. ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது. கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறமுள்ள எந்த இனிப்பிலும் இந்தச் சந்தேகம் நியாயமானதே.

நூடுல்ஸுக்குச் சந்தகை

உடனடி நூடுல்ஸ் கட்டி இரண்டு நிமிடத்தில் வேகக் காரணம், அது ஏற்கெனவே வேகவைத்து, பெரும்பாலும் பாமாயிலில் பொரித்து உலர்த்தப்பட்டது. உப்பில் பெரும்பங்கு மசாலாப் பொட்டலத்தில் இருக்கிறது. உறையில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். 800 என்றிருந்தால் 2 கிராம் உப்பு, அதாவது நாள் முழுவதற்குமான அளவில் ஐந்தில் இரண்டு பங்கு.

நூலாக, வழுவழுப்பாக, மசாலா ஒட்டிய ஒரு பண்டம்தான் பிள்ளைகள் கேட்பது என்றால் கொங்கு நாட்டில் அது பல தலைமுறையாக இருக்கிறது. சந்தகை அல்லது சந்தவை. இடியாப்பத்தில் மாவைப் பிழிந்து பிறகு வேகவைப்பார்கள். சந்தகையில் அரைத்த மாவை முதலில் இட்லிபோல் வேகவைத்துப் பிறகு பிழிவார்கள். அதனால் இழை உடையாமல் நீளமாக, சற்று இழுவையோடு வரும். நூடுல்ஸுக்கு அண்மையில் வருவது இந்த இழுவையால்தான்.

இட்லி அரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, உளுந்து இல்லாமல் மைபோல் அரைத்து, உப்புப் போட்டு, புளிக்க விடாமல் உடனே இட்லித்தட்டில் ஊற்றி 15 நிமிடம் வேகவைக்க வேண்டும். இறக்கியவுடன் சந்தகை அச்சில் போட்டு அழுத்த வேண்டும். இதில் தவறவிடக் கூடாத கட்டம் இதுவே. சூடு ஆறினால் மாவு இறுகி, எவ்வளவு பலம் கொடுத்தாலும் அச்சிலிருந்து இறங்காது. அதனால் ஒரு ஈடை எடுத்துப் பிழிந்து முடிக்கும்வரை அடுத்த ஈடு கொப்பரைக்குள்ளேயே இருக்கட்டும். முந்தைய மரச் சந்தகைக்கு இரண்டு ஆள் தேவைப்பட்டது. இப்போது கடைகளில் கிடைக்கும் திருகு வைத்த அச்சை ஒருவரே சுற்றிவிடலாம்.

எலுமிச்சை, தேங்காய், புளிச் சந்தகை எல்லாருக்கும் தெரியும். நூடுல்ஸ் பிரியர்களுக்கு வேறு தாளிப்பு வேண்டும். பொட்டல மசாலாவின் சுவையில் காரத்தோடு பூண்டின் மணமும், மெல்லிய புளிப்பும், கொஞ்சம் இனிப்பும் கலந்திருக்கின்றன. ஒரு ஸ்பூன் எண்ணெயில் நசுக்கிய பூண்டு, வெங்காயம், தக்காளி வதக்கி, மல்லி-சீரக-மிளகுப் பொடி, மஞ்சள்தூள், ஒரு சிட்டிகை நாட்டுச்சர்க்கரை சேர்த்தால் அந்தச் சுவை பெருமளவு கிடைத்துவிடும். காரட், பீன்ஸ், பட்டாணியை அதிலேயே வேகவிட்டு, சந்தகையைக் கடைசியில் போட்டு உடையாமல் புரட்ட வேண்டும்.

சந்தகையும் அரிசிதான், அதைச் சத்துக் களஞ்சியம் என்று சொல்லிவிட முடியாது. பொரித்த கொழுப்பு இல்லை, உப்பு நம் கையில் என்ற இரண்டு லாபங்களே உறுதி. முட்டையோ வறுகடலையோ கொள்ளுப் பருப்போ கூடச் சேரும்போதுதான் அது முழுச் சாப்பாடாகிறது. அரிசியில் பாதியைக் குறைத்து ராகிமாவைக் கலந்தும் செய்யலாம். இழை கொஞ்சம் குட்டையாகும். காலையில் பிழிந்து வைத்ததை மாலையில் மூன்று நிமிடம் ஆவி காட்டினால் பழையபடி மென்மையாகிவிடும். அவசரத்துக்கு உதவுவது அந்த மூன்று நிமிடமே.

நூடுல்ஸை விடவே முடியாத வீட்டில் பொட்டல மசாலாவில் பாதியைக் குப்பையில் போடலாம். நூடுல்ஸின் அளவுக்குச் சமமாகக் காய்கறியும் ஆளுக்கொரு முட்டையும் சேர்க்கலாம். இது அரைகுறை மாற்றுதான், ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு மேல்.

இரவு எட்டரை மணி

ஃப்ரைடு ரைஸுக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அரிசிம்பருப்புச் சாதம் இறங்கிவிடும். கொங்கு வீடுகளின் அவசரச் சமையல் இதுதான். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு என்பது பொதுவான பழக்கம்; பருப்பை அரை டம்ளராக உயர்த்தினால் புரதம் கூடும், சுவையும் கெடாது. கடுகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போட்டு, நாலரை டம்ளர் தண்ணீரில் குக்கரில் மூன்று விசில். ஒரு கை முருங்கைக்கீரையை விசில் அடங்கிய பிறகு கிளறினால் கசக்காது. அரிசியும் பருப்பும் மஞ்சள்தூளும் சீரகமும் கலந்து ஒரு டப்பாவில் முன்கூட்டியே வைத்துவிட்டால், ரெடிமிக்ஸ் பொட்டலத்தின் வசதி பாதி விலையில் கிடைக்கும். அரிசிக்குப் பதில் சாமை போடுவதானால் தண்ணீரில் முக்கால் டம்ளர் குறைக்க வேண்டும்; விசில் இரண்டு போதும். இதோடு அப்பளம் பொரிப்பது தொன்றுதொட்ட வழக்கம். சுட்ட அப்பளமும் ஒரு கிண்ணம் தயிரும் வைப்பது இன்னும் பொருத்தம்.

கொத்துப்பரோட்டா கேட்பவர்களுக்கு மீந்த சப்பாத்தி கைகொடுக்கும். முந்தின நாளைய சப்பாத்தி காய்ந்து இறுகியிருப்பதே கொத்துக்கு வசதி. கத்தரியால் பட்டையாக நறுக்கி, வதக்கிய வெங்காயம், கோஸ், தக்காளி, இரண்டு முட்டை, ஒரு கரண்டி சால்னாவோ பருப்புக் குழம்போ விட்டு, கனத்த டம்ளரின் அடியால் கல்லிலேயே கொத்தினால் சத்தத்தோடு சுவையும் வரும். ஓட்டலில் கோதுமைப் பரோட்டா என்று எழுதியிருந்தால் மாவில் மைதா எவ்வளவு என்று கேட்டுவிடுவது நல்லது. பல இடங்களில் இரண்டும் கலந்துதான் வருகின்றன.

சிக்கன் 65, சில்லி சிக்கன் வகைக்குக் கொங்கிலேயே விடை இருக்கிறது. ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் மறுகரையில் இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரால் வழங்கும் வறுவலில் மாவுப் பூச்சு இல்லை, நிறப்பொடி இல்லை, மசாலாத்தூள்கூட இல்லை. விதை நீக்கிய வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள், தேங்காய்ச் சில்லு, கோழி; கோழி விடும் தண்ணீரிலேயே அது வேகும். அரைக் கிலோ கோழிக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் தாராளம்.

பாக்கெட் இட்லி மாவு மோசமான பொருள் அல்ல. புவிசார் குறியீடு பெற்ற கிரைண்டரைச் செய்யும் கோவையில் மாவை விலைக்கு வாங்குகிறார்களே என்று வியக்கலாம். வேலைக்குப் போகும் வீட்டில் அது நியாயமான வசதி. அந்த மாவில் கால் பங்கு ராகிமாவோ கம்புமாவோ கரைத்து அரை மணி நேரம் வைத்து, காரட் துருவலோடு தோசை ஊற்றினால் விலைக்கு வாங்கிய மாவும் சத்தாகிவிடும்.

குடிப்பவை

பல குளிர்பானங்களின் 250 மில்லியில் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. நீர்மோர், பொள்ளாச்சி இளநீர், சர்க்கரை குறைத்த எலுமிச்சைச் சாறு, கம்மங்கூழ் என்று மாற்றுக்குப் பஞ்சமில்லை. கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாயிலும் வற்றலிலும் உப்பு மிகுதி. இரத்த அழுத்தக்காரர்கள் பச்சை வெங்காயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பாலில் கலக்கும் பல ஊட்டப் பொடிகளை ஆரோக்கிய பானம் என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அப்படி ஒரு வகையே உணவுச் சட்டத்தில் இல்லை. வீட்டில் வறுத்து அரைத்த சத்துமாவு அந்த இடத்தை நிரப்பும்.

சிறுதானியம் வாங்குபவர்களுக்கு

கூழோ கஞ்சியோ சிறுதானியத்தில் செய்தது என்பதாலேயே சர்க்கரையை ஏற்றாது என்று எண்ணக் கூடாது. நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய ராகிக் கஞ்சி இரத்தத்தில் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். நீரிழிவுக்காரர்களுக்குக் கீரையும் பருப்பும் சேர்ந்த அடை, கெட்டிக் களி போன்றவை மேல். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் தினமும் கம்பு சாப்பிடத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சாமை, வரகு, குதிரைவாலி வாங்கும்போது பளிச்சென்ற வெள்ளை நிறம் நல்ல அடையாளம் அல்ல; தவிடு முழுக்கத் தீட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். தவிடு இருப்பதில் சீக்கிரம் பூச்சி விழும். ஆகவே மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கலாம். கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்த மாவு சில நாட்களிலேயே சிக்கு வாடை பிடித்துக் கசந்துவிடும். கம்பு தனக்குப் பிடிக்காது என்று சொல்லும் பிள்ளைகளில் பலர் தின்றது இப்படிக் கசந்த மாவாகத்தான் இருக்கும். கம்பைத் தானியமாக வாங்கி, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.